ஆத்துக்கு எதிரே ரெண்டு சைக்கிள்!

"ஏன் சார்... பஸ்ஸெல்லாம் நல்லாத்தானே ஓடுது?"

வாலாஜாபாத் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி இது. அடுத்த ஐந்து நாட்களில் இதே கேள்வியைக் குறைந்தது முப்பது பேர் கேட்டுவிட்டார்கள். சிலர் பரிதாபமாக, சிலர் சந்தேகமாக. ஆரணியில் ஒரு அம்மா மட்டும் ரகசியமாக என் மனைவியிடம், "ஏதாவது வேண்டுதலா தாயி?" என்றார்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரிட்டயர்டு ஆன அறுபது வயது ஆசாமி ஒருவர், கூடவே ஐம்பத்து நாலு வயது மனைவி. ஆளுக்கொரு சைக்கிள். கேரியரில் மூட்டை, ஹேண்டில்பாரில் தண்ணீர் பாட்டில், பையில் இட்லிப்பொடி. "எங்கேர்ந்து வர்றீங்க?" "சிட்லபாக்கம்." "எங்கே போறீங்க?" "ஜவ்வாது மலைக்கு." இதைக் கேட்டால் யாருக்குத்தான் பதறாது?

ஆனால் நாங்கள் பைத்தியக்காரர்கள் இல்லை. எங்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால், என் மனைவி சைக்கிள் ஏறிய கதையைச் சொல்லியாக வேண்டும். அதில் எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது.

குரங்குப் பெடல்

என் மனைவிக்குப் புதுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். 1991-92-ல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் சூறாவளி மாதிரி அடித்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். கல் உடைக்கிற பெண்கள், விவசாயக் கூலிகள், நர்ஸ்கள், டீச்சர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல், பார் வைத்த ஆம்பிளை சைக்கிளிலேயே கற்றுக்கொண்டவர்கள் நிறைய. என் மனைவியும் அப்படித்தான். பாருக்கு நடுவே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டு, முட்டியைத் தேய்த்து, பதினைந்து நாளில் ஓட்டிவிட்டாளாம். அறிவொளித் தொண்டராக ராத்திரிப் பாடம் நடத்த நாலு கிலோமீட்டர் சைக்கிளிலேயே போய் வந்திருக்கிறாள்.

1994-ல் எங்களுக்குக் கல்யாணம். சிட்லபாக்கத்துக்கு வந்த முதல் வாரமே கேட்டாள். "என்னங்க, ஊர்லேர்ந்து என் சைக்கிளைக் கொண்டாந்துடவா? ராஜகீழ்ப்பாக்கம் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்துடுவேன்."

என் அம்மா உள்ளே இருந்து சொன்னார். "புது மருமக சைக்கிள்ல போனா தெருவுல என்ன பேசுவாங்க?"

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து பேப்பர் படித்தேன். அவ்வளவுதான்... சைக்கிள் பேச்சு முடிந்துபோயிற்று. ஊரில் இருந்த சைக்கிளை அவள் தம்பி ஓட்டித் தேய்த்துத் தீர்த்தான்.

அப்புறம் 2020. ஊரடங்கு. ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே நாய் படுத்துத் தூங்கிய காலம். ஒருநாள் விடியற்காலை ஐந்தரைக்கு முழிப்பு வந்து பார்த்தால், பக்கத்தில் ஆளைக் காணோம். பதறி வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டுப் பிள்ளையின் சைக்கிளில், மாஸ்க் போட்டுக்கொண்டு, சிட்லபாக்கம் ஏரிப் பக்கமிருந்து ஜம்மென்று வந்துகொண்டிருந்தாள் என் மனைவி. இருபத்தாறு வருஷ இடைவெளி சுத்தமாகத் தெரியவில்லை.

"எத்தனை நாளா?" என்றேன்.

"மூணு வாரமா. நீங்கதான் எட்டு மணிக்கு எந்திரிக்கிறீங்க!"

லடாக்கா? வேண்டாம் சாமி!

எங்கள் தெருவில் ஒரு இளைஞர் மணாலியிலிருந்து லே வரைக்கும் சைக்கிளில் போய்வந்தார். நானூறு கிலோமீட்டருக்கு மேல். சந்திரா நதி, பாகா நதி என்று பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் போய், 17,000 அடிக்கு மேலே இருக்கிற தக்லாங் லா கணவாயைத் தாண்டி, சிந்து நதியைப் பிடித்து லே போய்ச் சேருகிற பாதை. அவர் காட்டிய போட்டோக்களை என் மனைவி திரும்பத் திரும்பப் பார்த்தாள். "மலை மேல போறப்போ பக்கத்துல ஆறு வருது பாருங்க..."

எனக்கு ஷுகர் மாத்திரை, அவளுக்கு முட்டிவலி. லடாக் கனவெல்லாம் நமக்கு எதற்கு என்று சொல்ல வாயெடுத்தேன். 1994-ல் பேப்பர் படித்தது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு மேப்பை விரித்தேன்.

அப்போதுதான் அந்தக் கணக்கு பிடிபட்டது. மலைக்கு சைக்கிளில் போவது என்றால் நாம் உடனே நினைப்பது கொண்டை ஊசி வளைவுகளை. கொல்லிமலை எழுபது, வால்பாறை நாற்பது என்று எண்ணிக்கொண்டு ஏறுவது. அது வாலிபப் பிள்ளைகளின் வேலை. வயசானவர்களுக்கும் மலைக்குப் போக வழி உண்டு. ஆறு எங்கேயிருந்து வருகிறதோ, அதன் கரையோடு எதிர்த்திசையில் போனால் போதும்! தண்ணீர் எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். லட்சக்கணக்கான வருஷம் சர்வே பண்ணி, மேட்டை அறுத்து, பள்ளத்தை நிரப்பி, அது போட்டு வைத்த ரோடுதான் பள்ளத்தாக்கு.

ஐரோப்பாவில் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஜெர்மனி எல்லையில் இருக்கும் பாசாவ் நகரத்திலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரைக்கும் டான்யூப் நதிக்கரையோடு சுமார் 320 கி.மீ. சைக்கிள் பாதை இருக்கிறது. தாத்தா பாட்டி எல்லாம் பிக்னிக் மாதிரி போகிறார்கள். அந்தப் பாதையில் ஒரு சுவாரஸ்யம் என்னவென்றால், அதன் பல பகுதிகள் அந்தக் காலத்தில் படகுகளை ஆற்றுக்கு எதிர்த்திசையில் குதிரை கட்டி இழுத்த பாதைகள். குதிரைக்குக் கஷ்டமில்லாமல் போட்ட பாதை, இன்றைக்கு முட்டிவலிக்காரர்களுக்கும் கஷ்டமில்லை!

சரி, நமக்கு ஆறு?

சிட்லபாக்கத்துக்கு ஆறு கிடையாது. (நவம்பர் மாதம் தெருவில் ஓடுவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால்!) பக்கத்தில் இருப்பது பாலாறு. வாலாஜாபாத் தாண்டித் திருமுக்கூடலில் அதில் செய்யாறு வந்து சேருகிறது. செய்யாற்றைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் செய்யாறு டவுன், கலசபாக்கம், செங்கம். கடைசியில் அது பிறக்கிற ஜவ்வாது மலை. முழுக்க முழுக்கத் தமிழ்நாடு. லே போக ஃபிளைட் டிக்கெட் எடுக்கவேண்டிய வேலையும் இல்லை.

மேப்பில் விரலை வைத்து நான் இதைச் சொன்னபோது, தமிழ் எம்.ஏ. தபாலில் படித்த என் மனைவி சிரித்தாள். "இதைத்தானே பெருங்கௌசிகனார் பாடி வெச்சிருக்கார்!"

ஆறுன்னாலே வழிதாங்க!

பத்துப்பாட்டில் ஒன்று 'மலைபடுகடாம்'. 583 அடி. இன்னொரு பெயர் கூத்தராற்றுப்படை. செங்கத்துப் பக்கம் ஆண்ட நன்னன் சேய் நன்னன் என்கிற குறுநில மன்னனிடம் பரிசு வாங்கிவந்த ஒரு கூத்தன், வறுமையில் இருக்கிற இன்னொரு கூத்தனுக்கு 'அந்த ராஜாவிடம் இப்படிப் போ' என்று வழி சொல்கிற பாட்டு. சும்மா ஒரு வரியில் கை காட்டிவிட்டுப் போகிற வழி இல்லை. 'இந்த இடத்தில் காட்டுப் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், பகலில் போ. தினைப்புனத்துக் காவல்காரன் கவண் கல் வீசுவான், ஜாக்கிரதை. இங்கே பாசி படிந்து வழுக்கும். இந்த ஊரில் சொந்தக்காரன் மாதிரி கூப்பிட்டுச் சோறு போடுவார்கள்.' இப்படி ஒவ்வொரு திருப்பத்துக்கும் தகவல். நன்னன் ஊருக்குப் பக்கத்தில் ஓடுகிற ஆறு என்று அதில் வருவது எது தெரியுமா? சேயாறு! நம்ம செய்யாறுதான்.

"தமிழ்ல ஆறுன்னாலே வழின்னுதாங்க அர்த்தம். தண்ணி போற ஆறும் ஆறுதான், ஆள் போற ஆறும் ஆறுதான். அதனாலதான் ஆற்றுப்படைன்னு பேரு" என்றாள்.

டான்யூப்காரர்களுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாலேயே நம்மவர்கள் மலை ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு டூரிஸ்ட் கைடு எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் அதைப் பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு மூடிவிட்டோம்!

2025 காணும் பொங்கலன்று கிளம்புவது என்று முடிவாயிற்று. காரணம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், ஆற்றில் கொஞ்சமாவது தண்ணீர் இருக்கும், வெயில் கடுமையாக இருக்காது. பையன் அவன் அம்மாவுக்கு 21 கியர் வைத்த சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். எனக்கும் வாங்குகிறேன் என்றான். "போடா, நம்ம ஹெர்குலிஸ் இருக்க கியராவது!" என்று மார் தட்டினேன். 1983-ல் வாங்கிய 22 இஞ்ச் ஹெர்குலிஸ் அது. இந்த மார் தட்டலுக்கு நாலாம் நாள் எனக்குக் கிடைத்த பரிசைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள்: லாரியும் கல்வெட்டும்

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். தாம்பரம், முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை. ஒரகடம் தாண்டுகிறவரை உயிர் கையில்தான். கார் ஃபாக்டரிகளுக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். பக்கத்தில் அது போகும்போது காற்றே நம்மைத் தள்ளும். முழுப் பயணத்திலும் பயந்த இடம் மலை இல்லை, இந்த முப்பது கிலோமீட்டர்தான். இந்தப் பகுதியை மட்டும் விடிவதற்குள்ளும் லீவு நாளிலும் கடப்பது உத்தமம்.

பழையசீவரத்தில் பாலாற்றுப் பாலம். ஆறு ஒரு மைல் அகலம் இருப்பது போலத் தோன்றியது. மணல்தான் பெரும்பாலும். நடுவே வெள்ளிக் கம்பி மாதிரி தண்ணீர். அக்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருகிற இடம்.

அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலம், அதாவது 11-ம் நூற்றாண்டு. இந்த ஆற்றங்கரையில் 'வீரசோழன்' என்ற பெயரில் ஒரு ஆஸ்பத்திரி நடந்ததை அது சொல்கிறது. 15 படுக்கை. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளியைக் கவனிக்கப் பெண்கள். ஒவ்வொருவருக்கும் என்ன சம்பளம், என்னென்ன மருந்து ஸ்டாக் இருக்க வேண்டும் என்றுகூட வெட்டி வைத்திருக்கிறார்கள். மருந்துப் பட்டியலில் ஹரீதகி, ஹரீதகி என்று திரும்பத் திரும்ப வருகிறது. ஹரீதகி என்றால் வேறொன்றுமில்லை, நம்ம கடுக்காய். இந்தக் கடுக்காயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

மாகறல் கிட்டே என் ஹெர்குலிஸ் பின் சக்கரம் 'புஸ்'. ஞாயிற்றுக்கிழமை நடை மாதிரி தள்ளிக்கொண்டு போகலாம் என்று நான் பார்த்தேன். என் மனைவி சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டியூபை உருவி, தண்ணீரில் அழுத்தி ஓட்டையைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டிவிட்டாள். நான் பம்ப் மட்டும் அடித்தேன்.

"இதெல்லாம் எப்போ கத்துக்கிட்டே?"

"தொண்ணூத்தி ரெண்டுல" என்று சொல்லிவிட்டுக் கை துடைத்தாள். வேறொன்றும் சொல்லவில்லை.

ராத்திரி காஞ்சிபுரத்தில் லாட்ஜ். உட்கார முடியவில்லை. இட்லியை நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள்: தெரியாமல் ஏறும் ஏற்றம்

காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறு டவுன் முப்பது கி.மீ. அங்கே ஆற்றங்கரையில் திருவோத்தூர் வேதபுரீஸ்வரர். ஆண் பனையைப் பெண் பனையாக்கி சம்பந்தர் பாடியதாகச் சொல்லும் தலம். பனை நிழலில் அரைமணி படுத்தோம். சாயங்காலம் பட்டுக்குப் பேர்போன ஆரணி.

இந்த இடத்தில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரம். நாங்கள் மறுநாள் தொட்ட போளூர் சுமார் 170. நடுவே நாங்கள் மிதித்தது கிட்டத்தட்ட 100 கி.மீ. அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட ஏறவில்லை! சைக்கிளுக்கு இது ஏற்றமே இல்லை. நூறு மீட்டர் போவதற்குள் ஐந்து மீட்டர் ஏறினால் மூச்சு வாங்கும். எட்டு மீட்டர் ஏறினால்? கல்லாறு - குன்னூர் ரயில் பாதை அப்படித்தான் ஏறுகிறது, அங்கே ரயில் என்ஜினுக்கே பல்சக்கரம் மாட்டவேண்டியிருக்கிறது. நாமெல்லாம் எம்மாத்திரம்? ஆற்றோடு போனால் அந்த வம்பு கடைசி ஒரு நாள் மட்டும்தான். அதற்குள் மூன்று நாள் மிதித்துக் காலும் பழகியிருக்கும்.

மூன்றாம் நாள்: கோவிவன் ஊரில் நாய்த் தொல்லை

போளூர் தாண்டியதும் மலை வந்துவிட்டது. வலது பக்கம் நீலமாக ஜவ்வாது மலை வரிசை கூடவே நகர்கிறது. கலசபாக்கத்தில் செய்யாற்றின் கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தோம். ரதசப்தமியன்று திருவண்ணாமலை அண்ணாமலையார் இந்த ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி ஆடிவிட்டுப் போகிறார். சாமிக்கே ஆறு தேடி வரவேண்டியிருக்கிறது! ஆனால் மணல் அள்ளிய பள்ளங்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருந்தது. ஆறு காட்டிய வழியில் வந்தவர்களுக்கு, ஆற்றையே தேடவேண்டிய நிலைமை.

கடலாடிப் பக்கம் பர்வதமலை செங்குத்தாக எழுந்து நின்றது. மலைபடுகடாமில் வருகிற நவிரமலை இதுதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அதன் உச்சியில் காரியுண்டிக் கடவுள் இருப்பதாகப் பாட்டில் வருகிறது. இன்றைக்கும் உச்சியில் சிவன் இருக்கிறார்.

அங்கேயிருந்து செங்கம் போகிறவரை இரண்டு கிராமத்து நாய்கள் எங்களைத் துரத்தித் துரத்தி அடித்தன. நாய்க்கும் சைக்கிளுக்கும் என்ன ஜென்மப் பகையோ! அப்போதுதான் என் மனைவி இந்த விஷயத்தைச் சொன்னாள். செங்கம் வட்டாரம் நடுகல்லுக்குப் பேர்போனது. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரர்களுக்கு நட்ட கற்கள். 1970-களில் தமிழகத் தொல்லியல் துறை இவற்றைத் தேடித் தேடிப் பதிவு செய்தது. அவற்றில் எடுத்தனூர் என்ற ஊரில் கிடைத்த கல்லில் வீரன் பக்கத்தில் ஒரு நாயும் இருக்கிறது. பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்து, எஜமானுக்குக் காவல் நின்றதாம். பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். மகேந்திரவர்ம பல்லவன் காலம்!

"அந்த வம்சம்தாங்க நம்மளைத் துரத்துது. மரியாதையா இறங்கித் தள்ளிக்கிட்டு வாங்க" என்றாள். இறங்கினோம். வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது. (டிப்ஸ்: நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள்.)

நாலாம் நாள்: தள்ளுங்க!

செங்கத்திலிருந்து காலையிலேயே கிளம்பிவிட்டோம். செய்யாறு மலையை விட்டு வெளியே வருகிற இடத்தில் குப்பநத்தம் அணை. மூன்று நாளாக மணலாகவும் கம்பியாகவும் பார்த்த தண்ணீரை, மலைகளுக்கு நடுவே ஏரியாகப் பார்த்ததும் இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசவே இல்லை.

பரமனந்தல் பக்கமிருந்து ஜமுனாமரத்தூருக்குப் போகிற மலைப்பாதையில் ஏறினோம். இங்கேதான் கணக்கு மாறியது. முதல் வளைவிலேயே என் ஹெர்குலிஸ் நின்றுவிட்டது. ஹெர்குலிஸ் என்ன செய்யும், பாவம்... நான்தான் நின்றேன். இறங்கித் தள்ள ஆரம்பித்தேன்.

கியர் என்பது மந்திரம் இல்லை. முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் என்று செயின் விழுந்தால், ஒரு மிதிக்கு சைக்கிள் கொஞ்ச தூரம்தான் நகரும். அதற்குத் தக்கபடி கால் பாரமும் குறையும். நடக்கிற வேகம்தான் வரும், ஆனால் இறங்க வேண்டியதில்லை. என் மனைவி அப்படி ஒரே சீராக மிதித்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் எனக்காக நின்றாள்.

ஐந்தாவதோ ஆறாவதோ வளைவு. நாக்கு தள்ள வந்து சேர்ந்தேன். பாட்டிலை நீட்டினாள். கீழே நாங்கள் வந்த பள்ளத்தாக்கு முழுசும் தெரிந்தது. வெயிலில் ஆறு ஒரு கோடு.

"கொஞ்சம் நீ தள்ளேன், நான் உன் வண்டியை ஓட்டிப் பாக்கறேன்" என்றேன்.

"முடியாது. முப்பது வருஷம் நான் தள்ளிக்கிட்டு வந்தாச்சு. இன்னிக்கு ஒருநாள் நீங்க தள்ளுங்க!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சு அடங்கியதும் சொன்னேன். "அன்னிக்கு அம்மா அப்படிச் சொன்னப்போ... நான் ஒரு வார்த்தை பேசியிருக்கணும்."

அவள் பாட்டிலை வாங்கி மூடினாள். "பேசியிருக்கணும்தான்" என்றாள். அப்புறம் பெடலில் காலை வைத்து ஏறிப் போய்விட்டாள்.

'பரவாயில்லை' என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். சொல்லவில்லை. அடுத்த வளைவு வரை யோசித்துக்கொண்டே தள்ளினேன். அவள் சொல்லாததுதான் சரி என்று பட்டது.

மத்தியானம் ஒரு சின்ன ஊர். பத்துப் பதினைந்து வீடு. தண்ணீர் கேட்டோம். "உக்காருங்க" என்று சொல்லி, சாமைச் சோறும் புளிக்குழம்பும் போட்டார் ஒரு அம்மா. காசு கொடுத்தபோது கோபித்துக்கொண்டார். வழியில் சொந்தக்காரர் மாதிரி சோறு போடுவார்கள் என்று அந்தப் பழைய பாட்டு சொன்னது பொய்யில்லை.

இந்த மலையில் இருப்பவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளாக்காரர்கள் இல்லை, தமிழர்கள்தான். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. நாங்கள் நாலு நாளில் வந்ததும் அங்கேயிருந்துதானே! சாமை, தேன், புளி, பலா, கடுக்காய் இவைதான் மலையின் வருமானம். அது போதாமல் வேலை தேடி இறங்குகிறவர்கள் ஏராளம். 2015 ஏப்ரல் 7-ம் தேதி, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி இருபது பேரை அந்த மாநிலப் போலீஸ் சுட்டுக் கொன்றதே... அவர்களில் சிலர் இந்த மலைக்காரர்கள். அன்றைக்குப் பசித்தவனுக்கு நன்னனிடம் போகிற வழியைச் சொல்ல ஒரு கூத்தன் இருந்தான். இந்தப் பிள்ளைகளுக்கு வழி சொன்னவன் தரகன்.

சைக்கிளில் இரண்டு பேர் வந்து சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போவதால் இதெல்லாம் மாறிவிடாது. ஆனால் நூறு பேர் வந்தால், ஒரு டீக்கடை நடக்கும். ஆயிரம் பேர் வந்தால் தங்க நாலு வீடு, வழிகாட்ட பத்துப் பிள்ளைகள் என்று வேலை வரும். டான்யூப் கரையில் நடப்பது அதுதானே!

அந்தி மயங்குகிற நேரத்தில் ஜமுனாமரத்தூர். குளிர் அடித்தது. ராத்திரி வானம் முழுக்க நட்சத்திரம். இதே மலையில்தான் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பதைக் கண்டுபிடித்ததில் இந்த மலைக்கும் பங்கு உண்டு. சிட்லபாக்கத்தில் மொட்டை மாடியில் படுத்தால் நிலா தெரிந்தாலே பெரிசு!

ஐந்தாம் நாள்: கால் கிலோ கடுக்காய்

காலையில் சந்தைப் பக்கம் போனோம். தேன் வாங்கினோம். ஒரு பாட்டி கூறு கட்டிக் கடுக்காய் விற்றுக்கொண்டிருந்தார். கால் கிலோ வாங்கினேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் திருமுக்கூடல் ஆஸ்பத்திரிக்கும் ஏதாவது ஒரு மலையிலிருந்து கடுக்காய் வந்திருக்கத்தானே வேண்டும்? செய்யாறு அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதே இந்த மலையிலிருந்துதான். ஆறு கொண்டுவருவது தண்ணீரை மட்டும் இல்லை.

போளூர் பக்கம் இறங்கினோம். இறக்கத்தில் நான்தான் முன்னால் போனேன் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக் கொள்கிறேன். (பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்பது உபரித் தகவல்.) போளூரில் ஒரு குட்டி யானையில் இரண்டு சைக்கிளையும் ஏற்றி, ராத்திரி பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு...

* டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல நேரம். கனமழை அறிவிப்பு இருந்தால் ஆற்றோரமும் மலையும் வேண்டாம்.

* நாற்பது தாண்டியவர்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். ஒரு மாதம் முன்பிருந்தே தினம் பத்து, பதினைந்து கி.மீ. ஓட்டிப் பழகுங்கள். உட்காரும் இடமும் பழகவேண்டும்!

* ஒரு நாளைக்கு எண்பது கி.மீ.க்கு மேல் வைக்காதீர்கள். பதினோரு மணிக்குள் பாதி தூரம். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நிழல்.

* மூட்டை பத்து கிலோவுக்குள் இருக்கட்டும். முதுகில் மாட்டாதீர்கள், கேரியரில் கட்டுங்கள். ஸ்பேர் டியூப், பஞ்சர் சாமான், பம்ப், ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு அவசியம். தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் சர்க்கரையும் (ஷுகர்காரர்கள் டாக்டரைக் கேட்டு).

* மலைப்பாதையில் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேருங்கள். ஓடைகளில் பாசி வழுக்கும். இதையெல்லாம் பெருங்கௌசிகனாரே சொல்லிவிட்டார். காட்டுக்குள் தனியே பிரியும் பாதைகளுக்கு வனத்துறையிடம் கேட்காமல் போகாதீர்கள். தங்கும் அறையை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

* கியர் சைக்கிள் வேண்டாம் என்று மார் தட்டாதீர்கள்.

வந்து ஒரு வாரம் கழித்து, ராஜகீழ்ப்பாக்கம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள் என் மனைவி. சைக்கிளில்தான். கேட் திறந்துவிட்டபோது எதிர்வீட்டு மாமி கேட்டார். "ஏம்மா, ஷேர் ஆட்டோ ஓடுதே?"

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்து சொன்னேன். "ஓடட்டும் மாமி. அவ சைக்கிள்ல போறா."

முப்பது வருஷம் லேட்தான். என்ன செய்வது... ஏற்றத்தில் நான் எப்போதும் பின்னால்தானே வருகிறேன்!